மூன்று வினாடி

கிழக்கு லண்டனில் ஒரு அரசுப் பள்ளி. பயிற்சி ஆசிரியையாக நான் முதன்முதலில் தனியாக எடுத்த பாடம், திண்மம் திரவம் வாயு. இயர் செவன், பதினோரு வயதுப் பிள்ளைகள் முப்பது பேர். முந்தின இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து ஸ்லைடு செய்திருந்தேன். பாடம் முடிந்ததும் என் வழிகாட்டி ஆசிரியை ஒரு தாளைக் கையில் கொடுத்தார். பாராட்டும் இல்லை, குறையும் இல்லை. இடப்பக்கம் மணி, வலப்பக்கம் ஒரு வரி.

9.14: கேள்வி கேட்டீர்கள். நீங்களே பதில் சொன்னீர்கள்.
9.16: கேள்வி. நீங்களே பதில்.
9.17: கேள்வி. முன்வரிசைப் பையன் பதில்.
9.19: கேள்வி. நீங்களே பதில்.

தாள் நெடுக இப்படியே போனது. பதினோரு கேள்விகளில் ஒன்பதுக்கு நானே பதில் சொல்லியிருந்தேன். வீட்டுக்குப் போகும் ரயிலில் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை என்பதுதான் வலித்தது.

இங்கிலாந்தில் நான் சேர்ந்த பி.ஜி.சி.இ. ஓராண்டு ஆசிரியர் பயிற்சிப் படிப்பு. பெயருக்குப் பல்கலைக்கழகம்; ஆனால் குறைந்தது 120 நாள் பள்ளியில் இருக்க வேண்டும், அதுவும் இரண்டு பள்ளிகளிலாவது. குற்றப் பின்னணி இல்லை என்ற சான்று வராமல் உள்ளேயே விடமாட்டார்கள். முதல் வாரம் சொல்லிக் கொடுத்த ஒரு விஷயம் இன்றும் மனசில் நிற்கிறது. ஒரு பிள்ளை வந்து, "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லுங்க மிஸ், அப்பத்தான் சொல்வேன்" என்றால் அந்த வாக்கைக் கொடுக்கக் கூடாது. பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் நான் சொல்லியே ஆக வேண்டும் என்பதை அந்தப் பிள்ளையிடமே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளிடம் பொய் வாக்கு கூடாது என்பதை இவ்வளவு கறாராக ஒரு பள்ளி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சரி, தாளுக்கு வருகிறேன். எனக்கு ஏன் காத்திருக்க முடியவில்லை?

இங்கே அரசுப் பள்ளிகளில் பிரம்பு 1987லேயே நின்றுவிட்டது. அந்த வருடம் நான் ராஜபாளையம் பக்கம் இரண்டாம் வகுப்பு. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று அப்பா வாத்தியாரிடம் சொல்லிச் சேர்த்துவிட்ட பள்ளி. அப்பா பாசத்தோடுதான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வகுப்பில் சார் ஒரு கேள்வி கேட்டு, யாரும் வாய் திறக்காமல் அமைதி விழுந்தால், அடுத்து பிரம்பு விழும். கால்நூற்றாண்டுக்கு மேல் கழித்து, ஹீட்டர் ஓடும் ஒரு லண்டன் அறையில், என் கேள்விக்குப் பின் அதே அமைதி வந்தது. அடிவாங்கப் போகும் பிள்ளைகளைக் காப்பாற்றுகிற மாதிரி நான் பதிலைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவர்களை யாரும் அடிக்கப் போவதில்லை. யோசித்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார். வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்ததில், கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடியாக்கினால் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். வழிகாட்டி ஆசிரியை இதைச் சொல்லிவிட்டு, "மனசுக்குள் எண்ணுங்கள்" என்றார். நான் தமிழில் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. கரும்பலகை முன்னால் நிற்கும்போது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் ஒரு நவம்பர் காலை. ஒரு கண்ணாடித் தம்ளரில் ஐஸும் தண்ணீரும் போட்டு மேசையில் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் வெளிப்புறம் பனித்து, சின்னச் சின்னத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கீழே வழிந்தன. "இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?"

ஒன்று, இரண்டு, மூன்று. "தம்ளர் ஒழுகுது மிஸ்" என்றான் ஒருவன். என் நாக்கு நுனி வரை பதில் வந்துவிட்டது: இல்லைப்பா, காற்றிலிருக்கும் நீராவி குளிர்ந்து படிகிறது. விழுங்கிக்கொண்டேன். "ஒழுகுதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று மட்டும் கேட்டேன். மறுபடி அமைதி. மூன்று தாண்டி, நான்கு, ஐந்து. கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. செப்டம்பரில்தான் ருமேனியாவிலிருந்து வந்து சேர்ந்த பெண் அவள். அதுவரை அவள் குரலை நான் கேட்டதே இல்லை. தம்ளரைக் கையால் காட்டி, "ரெட் வாட்டர், மிஸ்" என்றாள்.

உள்ளே சிவப்புத் தண்ணீர் ஊற்று. ஒழுகினால் வெளியேயும் சிவப்பாகத்தானே வரும். இரண்டு வார்த்தையில் ஒரு சோதனையையே சொல்லிவிட்டாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

லேப் டெக்னீஷியனிடம் கேக் செய்யும் சிவப்புக் கலர் இருந்தது. அடுத்த வகுப்பில் அவளே நாலு சொட்டு விட்டுக் கலக்கினாள். முப்பது பேரும் மேசையைச் சுற்றி நின்றோம். தம்ளர் வேர்க்கத் தொடங்கியதும், ஒழுகுது என்று சொன்ன பையனிடம் டிஷ்யூ காகிதத்தைக் கொடுத்தேன். வெளிப்பக்கத்தை ஒரு தடவை துடைத்தான். நம்பாமல் அடிப்பக்கத்தையும் துடைத்தான். காகிதத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். நனைந்திருந்தது, வெள்ளையாகவே இருந்தது. எதுவும் பேசாமல் அதை அவளிடம் நீட்டினான்.