டிஸ்கவரிக்கு ஒரு செத்தவீடு

முன்வீட்டு மாமி இன்னும் என்னோடு கதைப்பதில்லை. படலை திறக்கும் சத்தம் கேட்டாலே வாசலில் நிற்கிறவ உள்ளே போய்விடுகிறா. அவவில் பிழை சொல்லவும் ஏலாது. நடுச்சாமத்தில் நெஞ்சில் அடித்து, கொண்டையை அவிழ்த்து, ஒப்பாரியின் முதல் நாலு அடியையும் பாடி முடித்த மனிசிக்கு, "மாமி, ஒருத்தரும் சாகல்ல" என்று சொன்னால் கோபம் வராமல் என்ன வரும்?

எல்லாத்துக்கும் காரணம் அப்பாவின் தொண்டை. பஸ் டிப்போவில் லேலண்ட் இஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே பக்கத்தில் நிற்கிறவனிடம் ஸ்பேனர் கேட்டுப் பழகிய தொண்டை அது. அமெரிக்காவில் இருந்து அவர் "ஹலோ" என்றால் எங்கள் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் தூண்டில் போடுகிறவனும் திரும்பிப் பார்ப்பான். இதில் எங்கள் வளவுக்குள் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் படலையடி மாமரம். மழை பெய்தால் குடையோடு நின்று கதைக்கிற குடும்பம் நாங்கள். கம்பனிக்காரனிடம் சொன்னால், "ஒரு வாரத்தில சரியாயிரும் சேர்" என்கிறான். அந்த மரம் நட்டது முதல் இந்த ஒரு வாரம் போய்க்கொண்டே இருக்கிறது.

அக்காவின் பிள்ளைப்பேற்றுக்கு ரெண்டு பேரும் வேர்ஜினியா போனதில் அம்மாவுக்குக் கை நிறைய வேலை. பத்தியக்கறி, பிள்ளை குளிப்பாட்டு, மூத்தவனைப் பள்ளிக்கு வெளிக்கிடுத்துவது. அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. போன கையோடு அத்தானின் காரின் பொனட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். ஹைபிரிட் கார். "இதுல கழட்ட ஒண்டுமில்ல" என்று மூடிவிட்டு வந்து இருந்தவர்தானாம், முகம் விழுந்துபோய்விட்டது. மனிசனை இப்படியே விட்டால் குளிர்சாதனப் பெட்டியைக் கழட்டிவிடுவார் என்ற பயத்தில்தான் அத்தான் அவரை, அம்மாவையும் சேர்த்து, டலஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார். உள்ளே போக ஒரு சதமும் இல்லை, காரை நிறுத்தத்தான் காசு. அந்தக் காசைப் பற்றி அத்தான் தனியாக எனக்கு வொய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். அது வேறு கதை.

அங்கே பின்னேரம் மூன்றரை, இங்கே சாமம் ஒரு மணி. போன் அடிக்குது. ஓடிப்போய் மாமரத்துக்குக் கீழே நின்றேன். அப்பா வீடியோ கோல் எடுத்தால் நமக்குத் தெரிவது எப்போதும் கூரையும் அவரின் மூக்குத் துவாரமும்தான். அன்றைக்கும் அதே. ஆனால் மூக்கு சிவந்திருந்தது.

"மனே... இஞ்ச பாரு மனே, அவள் கிடக்கிற கிடைய!"

"ஆருப்பா?"

"முப்பத்தொம்பது தரம் போய்ட்டுப் போய்ட்டு வந்தவள்... இப்ப அசையாமக் கிடக்கிறாள் மனே... எல்லாம் முடிஞ்சுது..." அதோடு குரல் உடைந்துவிட்டது.

அப்பாவுக்கு ஓடுகிற சாமான் எல்லாம் அவள்தான். பஸ், தண்ணி மோட்டார், மாவரைக்கிற மில், எல்லாம். இது எனக்குத் தெரியும். மாமிக்குத் தெரியாது. மாமிக்கு நித்திரை வராத வருத்தம் வேறு. அக்கா பிள்ளை பெத்தது தெரியும், கடல் கடந்து அப்பா அழுகிறது கேட்குது, "அவள் அசையாமக் கிடக்கிறாள்" என்பதும் கேட்குது. வேறென்ன வேணும்? "ஐயோ என்ட ராசாத்தி, பச்ச உடம்புக்காரி போயிட்டியேடி" என்று அந்த மனிசி வைத்த சத்தத்தில் ஒழுங்கையில் உள்ள நாய் எல்லாம் எழும்பிவிட்டது.

அந்தச் சத்தம் போன் வழியாக வேர்ஜினியாவுக்கும் போனது. அங்கே அம்மா, "ஆருகா அழுற? அக்காவுக்கு ஏதுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் தானும் தொடங்கிவிட்டா. ஆரையம்பதிப் பெரியம்மாவை நினைத்துத்தான். பெரியம்மா இன்றைக்கா நாளைக்கா என்று கிடக்கத் தொடங்கி எத்தனையோ பேர் அவவை முந்திப் போயாச்சு, அவ இன்னும் முட்டித் தயிரும் சீனியும் போட்டுப் புட்டுக் குழைத்துச் சாப்பிடுறா. ஆக, இங்கே மாமி அக்காவுக்காக அழுகிறா, அங்கே அம்மா பெரியம்மாவுக்காக அழுகிறா, அப்பா டிஸ்கவரி என்ற ஒரு விண்வெளி ஓடத்துக்காக அழுகிறார். நடுவில் நான், சாரத்தோடு, மாமரத்துக்குக் கீழே.

பத்து நிமிசத்தில் ஒழுங்கை நிறைந்துவிட்டது. மரண உதவிச் சங்கச் செயலாளர் கொப்பியும் பேனையுமாக வந்தார். அந்த மனிசன் கொப்பியைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுக்கிறாரோ தெரியாது. என் தோளில் கை வைத்து, மிக மெதுவாக, "தம்பி, பொடி இஞ்ச வருமா, அங்கேயே எரிக்கிறதா?" என்றார். பின்னால் பொடியன்கள் சங்கத்துக் கதிரைகளை இறக்கத் தொடங்கிவிட்டார்கள்.

விளங்கப்படுத்த நான் பட்ட பாட்டை எழுதினால் அது தனிப் பதிவாகிவிடும். மாமி கொண்டையை முடிந்துகொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் போய்விட்டா. மற்றவர்கள் போகவில்லை. நித்திரையும் கலைந்துவிட்டது, கதிரையும் போட்டாச்சு, முன்வளவு அண்ணி பிளேன்டீயும் ஊற்றிவிட்டா. செயலாளர் போனை வாங்கி மாங்கொப்பில் சாய்த்து வைத்தார். அங்கே அத்தான் அப்பாவின் கையில் இருந்த போனைப் பிடுங்கி நேராகப் பிடித்தார். அப்போதுதான் டிஸ்கவரியை நாங்கள் கண்டோம்.

சும்மா சொல்லக்கூடாது, பெரிய சாமான்தான். 37 மீற்றர் நீளம், சிறகு விரிவு 24 மீற்றர், சொந்தச் சில்லில் நிற்கிறது. ஆனால் நான் படத்தில் பார்த்த பளிச்சென்ற வெள்ளை இல்லை. மூக்கில் இருந்து வயிறு வரை கருகல், கோடு கோடாகப் புகைக் கறை, இடைக்கிடை சூடு தாங்குகிற ஓட்டைப் புதிதாக மாற்றிய இடம் மட்டும் திட்டுத் திட்டாகக் கறுப்பு.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு ஊத்தையா வச்சிரிக்கானுகள். ஒரு பெயின்ட் அடிக்கக் காசில்லயா? அந்தா அந்தப் பக்கத்தில கொன்கோர்ட் நிக்குது, வெள்ளையா நீற்றா. அதப் பாருங்களன்" என்றா.

அப்பாவுக்கு வந்ததே கோபம். "விசரி! கழுவாம வச்சிரிக்கிறதுதான்டி மரியாத! கடைசியா இறங்கின அண்டைக்கு எப்படி வந்தாளோ அப்படியே விட்டிரிக்கானுகள்!"

பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், அங்கே தொண்டராக நின்று விளக்கம் சொல்கிறவர், அப்பாவின் கண்ணீரைக் கண்டு கிட்ட வந்துவிட்டார். அத்தான் மொழிபெயர்க்க, ரெண்டு கிழடுகளும் ஒட்டிக்கொண்டன. ஓடு 24,000 சொச்சமாம். ஒவ்வொன்றுக்கும் தனி நம்பராம், இதைக் கழட்டி அடுத்த இடத்தில் பூட்ட ஏலாதாம். வளிமண்டலத்துக்குள் திரும்பி வரும்போது ஓட்டில் 1,260 பாகை செல்சியஸ் வரை சூடு ஏறுமாம், மூக்கிலும் சிறகு விளிம்பிலும் அதையும் தாண்டுமாம். அத்தான் போனை வயிற்றுப் பக்கம் கொண்டுபோக, நம்பர்கள் பொடிப் பொடியாகத் தெரிந்தன. "நட்டுப் பூட்டக் கிடைக்காம பக்கத்து பஸ்ஸுல கழட்டின காலம்..." என்று அப்பா தொடங்கினார். அது எங்கே போய் முடியும் என்று எங்களுக்குத் தெரியும்: 78 சூறாவளி. நல்ல காலத்துக்கு அந்தப் பெரியவர் டயரைக் காட்டினார்.

டயர் விசயம்தான் அப்பாவை உலுக்கியது. மணிக்கு 340 கிலோமீற்றர் அளவில் வந்து ஓடுபாதையில் இறங்குகிற சாமான். பின்சில்லு டயர்களை ஒருதரம் இறங்கினால் கழட்டிவிடுவார்களாம்.

"ஒருதரமா? ஒரே ஒருதரமா?" என்று மூன்றுமுறை கேட்டார். பிறகு எங்களைப் பார்த்து, "நான் ரீபில்ட் அடிச்ச டயரை மறுபடி ரீபில்ட் அடிச்சு உகந்தைத் திருவிழாவுக்கு விட்டவன் மனே" என்றார். மாமரத்துக்குக் கீழே ஓய்வு பெற்ற ட்ரைவர் ஒருவர், "அதுல போனவன் நான்தான்" என்று கையை உயர்த்தினார்.

ஏ.எல். கணிதம் படிக்கிற கோடி வீட்டுப் பொடியன் சும்மா இருப்பானா? ஹபிள் தொலைநோக்கியை 1990இல் மேலே கொண்டுபோனது இதுதான், இதன் கூட்டாளி ஓடம் சலெஞ்சர் வெடித்த பிறகு 88இல் முதலில் எழும்பியதும் இதுதான், இன்னொரு ஓடம் கொலம்பியா உடைந்த பிறகு 2005இல் எழும்பியதும் இதுதான் என்று அடுக்கினான். நம்மட நாட்டுச் செய்மதி ராவணா-1, 2019இல் வேர்ஜினியாவில் இருந்துதான் போனது என்று சேர்த்துச் சொன்னான். அது ஒரு கிலோ சொச்சம்தான் என்பதை மெல்லமாகச் சொன்னான். அமெரிக்க விண்வெளி வீரர் ஜோன் கிளென் 77 வயதில் டிஸ்கவரியில் போனவர் என்றதும் அப்பா நிமிர்ந்தார். "எனக்கி இப்பதான் எழுபத்தஞ்சு."

"முதல்ல தண்ணியக் குடிங்க" என்றா அம்மா.

பின்பக்கம் போனதும்தான் பிரச்சினை. அப்பா இஞ்சின் பார்க்க வேண்டும் என்று நின்றார். அந்தப் பெரியவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, வெளியில் தெரிகிறவை வெறும் மாதிரி உருக்கள்தான், உண்மையான இஞ்சின்களைக் கழட்டி அடுத்த ரொக்கெட்டுக்கு வைத்துக்கொண்டார்கள் என்றார்.

எங்கள் பக்கமும் ஒரு சத்தம் இல்லை. டிப்போவில் வேலை செய்தவர்களுக்கு அது என்ன என்று தெரியும். அப்பா ஓய்வு பெற்றது 2011. அந்த ஜனவரி வெள்ளத்தில் பஸ்கள் வயிறளவு தண்ணியில் நின்றதும், இவர் இரவிரவாக நின்று ஒருத்தியை மட்டும் ஸ்டார்ட் எடுத்ததும் எங்கள் வீட்டில் ஓயாமல் சொல்கிற கதை. அந்த வருசம் மார்ச்சில்தான் டிஸ்கவரியும் கடைசியாக இறங்கியிருக்கிறது. இவர் வீட்டுக்கு வந்தபின், அவரின் அந்த பஸ்ஸை டிப்போ வளவில் வேம்புக்குக் கீழே தள்ளினார்கள். முதலில் பற்றரி, மறுகா இஞ்சின், மறுகா சீற். எந்த டிப்போ என்று எழுதினால் நாளைக்கு யாராவது வீட்டுக்கு வருவார்கள், விடுங்கள். கடைசியில் ஏலத்தில் இரும்புக்குப் போனது. ஏலம் நடந்த அன்றைக்கு அப்பா மாமாங்கக் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிப் போனவர், பொழுதுபட்டுத்தான் வந்தார். திருநீறு பூசியிருக்கவில்லை.

"இஞ்சினையும் எடுத்துப்போட்டு..." என்று தொடங்கியவர் அப்படியே நிறுத்திவிட்டு, மேலே பார்த்தார். "பரவாயில்ல. இவளுக்கு கூரையாவது போட்டிரிக்கானுகள்."

அந்தப் பெரியவர் விளங்கியோ விளங்காமலோ அப்பாவின் முதுகில் தட்டினார். அப்பா பதிலுக்குத் தட்டியது நமக்கே கேட்டது. மனிசன் ஒரு அடி முன்னால் போய்விட்டார்.

செயலாளர் போகும்போது, "தம்பி, கொப்பி கையோட இரிக்கு. உங்கட வீட்டுச் சந்தா கொஞ்சம் நிலுவையிலயும் இரிக்கு" என்றார். ஆளே சாகாத செத்தவீட்டில், சாமம் ரெண்டு மணிக்கு, சந்தா கட்டிய ஆள் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்லம். அத்தானுக்கு வாய் சும்மா இருக்காது. அப்பாவைத் தேற்றுகிறதாக நினைத்து, "மாமா, அந்த இஞ்சின்கள் வீணாப் போகல்ல. 2022 நவம்பர்ல ஆர்ட்டெமிஸ் ரொக்கெட்டுல நாலு இஞ்சின், நாலும் பழைய ஓடங்கள்ல பறந்ததுதான். ஓறாயன் விண்கலம் அதுலதான் சந்திரனுக்குப் போய்ட்டு வந்தது" என்று சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு வந்த சந்தோசம்! இஞ்சின்களை ஓடத்துக்கு ஓடம் மாற்றிப் பூட்டுவார்கள் என்று கேள்விப்பட்டதும், "அப்ப நாலுல ஒண்டாவது இவள்ட வயித்துல இருந்ததுதான்" என்று தானே தீர்த்துவிட்டார். ஆரையம்பதிக்குப் போன் பண்ணிப் பெரியம்மாவுக்கும் சொன்னார். பெரியம்மா, "எந்த ரூட்டு?" என்று கேட்டாவாம்.

பிறகு ஒருநாள் சாப்பிடும்போது அத்தானைக் கேட்டிருக்கிறார்: "அந்த நாலும் இப்ப எங்க வச்சிரிக்கானுகள்?"

அத்தான் பொய் சொல்லியிருக்கலாம். ஒரு மருமகன் வேறெதற்கு இருக்கிறான்? "இல்ல மாமா, அந்த ரொக்கெட்டுல இஞ்சின் திரும்பி வராது. வேலை முடிஞ்சதும் பசிபிக் கடலுக்குள்ள விழுந்திட்டு" என்றாராம். அப்பா கையைக் கழுவிவிட்டு எழும்பிவிட்டார். அன்றைக்கு முழுக்க ஒரு கதையும் இல்லையாம், அம்மா பயந்துபோய் எனக்கு அடித்தா.

நேற்றுச் சாமம் மறுபடி போன். மாமரத்தடி, கூரை, மூக்கு. இந்தமுறை மனிசன் குரலை நல்லாகத் தாழ்த்தித்தான் கதைத்தார்.

"மனே, நீ படிச்சவன்தானே. அந்த இஞ்சின் விழுந்த இடத்தில கடல் எத்தன பாகம் ஆழம் எண்டு கேட்டுச் சொல்லு."

"ஏனப்பா?"

"சும்மாதான்டா. கேட்டு வையன்."

பசிபிக் சமுத்திரம். நான் ஆரிட்டப் போய்க் கேட்கிறது? அத்தானுக்கு அடித்தால் எடுக்கிறார் இல்லை.