துருக்கியில் ஒரு வெண்கட்டிப் புள்ளி

1962 ஒக்டோபர், தீபாவளி வாரம். எங்கள் சரித்திர சேர் அன்று புத்தகத்தைத் திறக்கவே இல்லை. கரும்பலகையில் புளோரிடாவைக் கீறி, அதற்குக் கீழே கியூபாவைக் கீறினார். "இடையிலே 90 மைல். இங்கேயிருந்து வவுனியாவுக்குப் போற தூரம்தான்" என்றார். அங்கே சோவியத் ஏவுகணைகள் இருப்பதாக அமெரிக்க ஜனாதிபதி கென்னடி அறிவித்தபோது எங்களுக்கு 23ஆம் திகதி விடியப்புறம். சேர் கண் சிவந்து வந்திருந்தார்.

அடுத்த வாரம் சோவியத் தலைவர் குருஷேவ் ஏவுகணைகளைத் திருப்பி எடுக்கச் சம்மதித்துவிட்டார். "கென்னடி வென்றிட்டார்" என்று நாங்கள் மேசையில் தட்டினோம். சேர் சிரிக்கவில்லை. பலகையின் மறுகோடியில் துருக்கிக்கு ஒரு புள்ளி வைத்தார். "இங்கே இருக்கிற அமெரிக்க ஏவுகணைகளையும் எடுக்கச் சொல்லி அவர் கேட்டாரே, அதுக்கு என்ன பதில்?" ஒருவருக்கும் தெரியவில்லை. மணி அடித்தது. அன்று பலகை துடைக்கும் முறை என்னுடையது.

கென்னடியை விளங்கிக்கொள்ள சேர் தந்த ஒரு வசனம் இன்றும் எனக்குப் போதும்: "கம்யூனிசமும் பரவக்கூடாது, அணுகுண்டுப் போரும் வரக்கூடாது. இரண்டையும் ஒரே கையாலே பிடிக்கப் பார்க்கிறார்." 1961இல் அவர் தொடக்கிய சமாதானப் படை என்ற தொண்டர் அமைப்பின் இளைஞர்கள் அடுத்த வருடமே இலங்கைக்கு வந்தார்கள். 1963 பெப்ரவரியில், எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துகளை எடுத்ததற்கு நட்டஈடு கொடுக்கவில்லை என்று அதே அமெரிக்கா நமக்கான உதவியை நிறுத்தியது. அது அமெரிக்கக் காங்கிரஸ் போட்ட சட்டம், கென்னடி விரும்பியதல்ல என்று சேர் பொறுமையாக விளக்கினார்.

கென்னடி சுடப்பட்ட செய்தி நமக்குச் சனிக்கிழமை காலையில்தான் வந்தது. திங்கட்கிழமை சேர் பத்திரிகைத் துண்டொன்றை வாசித்தார். அந்த ஜூன் 10ஆம் திகதி கென்னடி பேசிய பேச்சு: நாம் எல்லோரும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறோம், பிள்ளைகளின் எதிர்காலத்தைப் போற்றுகிறோம், எல்லோரும் சாகப் பிறந்தவர்கள். எதிரி நாட்டையும் சேர்த்துச் சொன்ன வார்த்தைகள் அவை. இரண்டு மாதத்துக்குள் மொஸ்கோவில் அணுகுண்டுப் பரிசோதனைத் தடை ஒப்பந்தம் கைச்சாத்தானது. நிலத்தடிப் பரிசோதனையை அது தடுக்கவில்லைதான். ஆனாலும் அவர் விட்டுச்சென்றவற்றில் பெரியது அதுதான் என்பேன்.

இருந்திருந்தால் வியட்நாமை விட்டு வெளியேறியிருப்பார் என்கிறார்கள். சில நூறாக இருந்த இராணுவ ஆலோசகர்களை ஏறக்குறைய 16,000 ஆக்கியவரும் அவர்தானே? அதை என்னால் லேசாகக் கடந்துபோக முடியவில்லை.

அப்புறம், 1989இல் ரொறன்ரோவில் பத்திரிகை வாசிக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்தேன். துருக்கி ஏவுகணைகளை எடுப்பதாகக் கென்னடியின் தம்பி சோவியத் தூதருக்கு இரகசியமாக வாக்குக் கொடுத்திருந்ததை, கென்னடியின் உரைகளை எழுதிய சொரன்சனே ஒப்புக்கொண்டிருந்தார். 1963 ஏப்ரலுக்குள் அவை போயும் விட்டன. வெற்றியல்ல, கொடுத்து வாங்கியது. அன்றிரவே சேருக்கு எழுதினேன்.

பதில் வர இரண்டு மாதம் எடுத்தது. நீலத்தாள் முழுக்க அம்மாவின் சுகமும் ஊர்ப் பாடுகளும். ஓரத்தில் நெருக்கி எழுதிய கடைசி வரி: "நீ துடைத்த புள்ளியை நீயே ஞாபகம் வைத்திருந்தாய். சந்தோஷம், தம்பி."