மூணு ஸ்கேனும் ஒரு ஆடுற தலையும்

ஒவ்வொரு ஆளோட மூளையையும் வருஷா வருஷம் ரெஸ்டிங் ஸ்டேட் எஃப்எம்ஆர்ஐ (ஒண்ணும் பண்ணாம சும்மா படுத்திருக்கறப்போ மூளை எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கற ஸ்கேன்) எடுத்து வச்சிருக்கேன், எப்படி அனலைஸ் பண்றதுன்னு லேப் ஜூனியர் கேட்டா. அவகிட்ட பொலம்பினத இங்கயும் எழுதிடறேன்.

என்கிட்ட இருந்தது வயசானவங்க டேட்டா, ஆளுக்கு மூணு ஸ்கேன். மூணுன்னு பேருதான், ரெண்டாவதுக்கே வராதவங்க நிறைய. விவரம் தெரியாம ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா (ஒரே ஆள பல தடவை அளந்தத ஒப்பிடற பழைய புள்ளியியல் முறை) போட்டேன், அது ஒரு ஸ்கேன் இல்லன்னாலும் அந்த ஆளையே தூக்கிடும், அப்படிப் போனவங்க பெரும்பாலும் உடம்பு முடியாதவங்க, மிச்சம் திடமா இருக்கறவங்கள மட்டும் வச்சுகிட்டு மூளைல பெருசா மாற்றம் இல்லன்னு எழுதப் பாத்தேன்.

அப்புறம் ஆர்ங்கற புள்ளியியல் மென்பொருள்ல எல்எம்இ4 பேக்கேஜ வச்சு லீனியர் மிக்ஸ்டு மாடல் போட்டேன், பொதுவான போக்கையும் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தையும் சேத்துப் பாக்கற முறை அது. வந்த ஸ்கேன் எத்தனையோ அத்தனையையும் எடுத்துக்கும். வயசுன்னு ஒரே வேரியபிளா குடுக்காதீங்க, அதுல 60 வயசுக்காரருக்கும் 75 வயசுக்காரருக்கும் உள்ள வித்தியாசமும் இருக்கு, ஒரே ஆள் மூணு வருஷத்துல மாறினதும் இருக்கு. முதல் ஸ்கேன் அப்போ இருந்த வயசு தனி, அதுக்கப்புறம் எத்தனை வருஷம்ங்கறது தனி. ஆளுக்கு ஒரு ஸ்லோப் (அவங்கவங்க மாறுற வேகம்) குடுத்தா சிங்குலர் ஃபிட்னு, அதாவது இத கணிக்க டேட்டா பத்தலன்னு திட்டும், மூணு பாயின்ட்ட வச்சு அது என்னதான் பண்ணும் பாவம். ஆனா கண்ண மூடிட்டு ஸ்லோப்ப தூக்கினா பி வேல்யூ (நிஜத்துல ஒண்ணும் இல்லாமயே இப்படி ஒரு ரிசல்ட் வர்ற வாய்ப்பு) சந்தேகப்படுற அளவுக்கு சின்னதா, அழகா வரும், அதையும் பாத்துக்கங்க.

எனக்கும் அழகாத்தான் வந்துச்சு. டிஃபால்ட் மோட் நெட்வொர்க்ல (சும்மா இருக்கறப்போ சேந்து வேலை செய்யற மூளைப் பகுதிகள்) முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள கனெக்டிவிட்டி, அதாவது ரெண்டும் ஒண்ணா ஏறி இறங்கறது, வருஷா வருஷம் குறையுது, கைடு வரைக்கும் சந்தோஷம். அன்னிக்கு ராத்திரி சும்மா தலை அசைவ விசிட் வாரியா பிளாட் பண்ணிப் பாத்தேன், அதுவும் அதே மாதிரி ஏறுது. 2012லயே ஜொனாதன் பவர்ங்கற ஆராய்ச்சியாளரோட டீம் எழுதிட்டாங்க, தலை ஒரு மில்லிமீட்டர் கூட அசைய வேணாம், அதுக்கும் கம்மியா ஆடினாலே தூரத்து கனெக்ஷன் குறைஞ்ச மாதிரியும் பக்கத்து கனெக்ஷன் கூடின மாதிரியும் தெரியும்னு. வயசாகி உடம்பு முடியாம போனா ஸ்கேனர்ல அசையாம படுக்கறதும் கஷ்டம்தானே. ஆடின ஃபிரேம்லாம் வெட்டி, ஒவ்வொரு விசிட்டோட அசைவையும் மாடல்ல சேத்தேன், எஃபெக்ட் பாதிக்குப் பாதி கரைஞ்சு போச்சு. கைடு ரெண்டு நாள் பேசல.

எந்த கனெக்ஷன பாக்கப் போறேன்னு முன்னாடியே முடிவு பண்ணிருந்ததால, எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணி ஏமாறாம தப்பிச்சேன். 400 ஏரியாவா பிரிச்சா 79,800 ஜோடி, ஒண்ணுமே இல்லாத டேட்டாவுல கூட பி வேல்யூ 0.05க்கு கீழ சராசரியா 3,990 தேறும்.

இதெல்லாம் கேட்டுட்டு ஜூனியர் மெதுவா சொல்றா, அவ டேட்டால நடுவுல ஸ்கேனர் அப்கிரேட் ஆச்சாம். ஸ்கேனர் வித்தியாசத்த சரி பண்ண லாங்கிட்யூடினல் காம்பேட்னு ஒரு முறை இருக்குதான், ஆனா எல்லாருக்கும் முதல் ஸ்கேன் பழசுலயும் ரெண்டாவது புதுசுலயும்னா வருஷம் எது மெஷின் எதுன்னு எதாலயும் பிரிக்க முடியாது. தேதி லிஸ்ட் அனுப்புன்னு சொல்லிருக்கேன், இன்னும் வரல.