பனைக்கு ஒரு சொந்தம், பிராஸ்லின் தீவில்

2024 ஜூலை 6, சனி

சீஷெல்ஸின் தலைநகர் விக்டோரியாவிலிருந்து பிராஸ்லினுக்கு ஒரு மணி நேரக் கப்பல். தென்கிழக்குக் காற்றுக் காலம், ஆட்டம் தாங்கவில்லை. கடல் தேங்காய் மரங்கள் நிற்கும் வலே தெ மே காட்டுக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. நிமிர்ந்தால் விசிறி ஓலை, விசிறி ஓலை. பனை போலவே ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. உண்மையிலேயே பனைக்கு நெருங்கிய சொந்தம்தான். ஆனால் லொடாய்சியா என்ற இந்தப் பேரினத்தில் இருப்பது இந்த ஒரே இனம். தானாக வளர்வதும் சீஷெல்ஸின் பிராஸ்லின், கூரியூஸ் தீவுகளில் மட்டும்.

ஜூலை 7, ஞாயிறு

விடிந்ததும் மறுபடி காட்டுக்கு. ஆண் மரத்தில் கை நீளப் பூங்கதிர், அதில் குட்டி மஞ்சள் பூக்கள். பச்சைப் பல்லி ஒன்று பூ பூவாக நக்கிக்கொண்டே போனது.

பெண் மரத்தில் காய் முற்ற ஆறேழு வருடம் ஆகும். உலகிலேயே பெரிய விதை. 15 கிலோவையும் தாண்டும். முளைத்த கொட்டை ஒன்றைக் குனிந்து பார்த்தேன். இரட்டைத் தேங்காய் போன்ற அதன் இரண்டு மடலுக்கும் நடுவிலிருந்து கயிறு போல ஒரு தண்டு புறப்பட்டு மண்ணுக்குள் ஓடியிருந்தது. சில மீட்டர் தள்ளிப் போயும் குருத்து விடுமாம். பனங்கொட்டையைப் பாத்தி போட்டுக் கிழங்கு பிடுங்கி வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கொட்டைக்குள் இருக்கும் பருப்பை உறிஞ்சியே கன்று வருடக்கணக்கில் வளரும்.

ஜூலை 9, செவ்வாய்

1768இல் பிரெஞ்சுக்காரர்கள் பிராஸ்லினில் மரத்தைக் காணும்வரை, மாலத்தீவு போன்ற கரைகளில் ஒதுங்கிய கொட்டைகளை மட்டுமே வெளியுலகம் அறியும். கடலுக்கடியில் மரம் இருப்பதாகவே நம்பினார்கள். அறிவியல் பெயரிலும் மாலத்தீவு ஒட்டிக்கொண்டது. உயிருள்ள கொட்டையோ நீரில் மூழ்கிவிடும். மிதந்து வந்தவையெல்லாம் உள்ளே அழுகி வெறும் கூடானவை.

அதனால் விழுந்த கொட்டைக்கும் அதன் கன்றுக்கும் தாய்மரத்தடிதான் கதி. அந்த மரமும் அதற்குத் தக்கபடி இருக்கிறது: ஓலை மடிப்பும் மட்டைப் பள்ளமும் மழைநீரோடு சருகு, மகரந்தம், எச்சம் எல்லாவற்றையும் வாரி அடிமரத்துக்கே கொண்டுவந்து சேர்க்கின்றன.

ஜூலை 13, சனி

விக்டோரியாவின் நவசக்தி விநாயகர் கோயிலில், ஊருக்குப் போகும் அண்ணன் ஒருவர், "மருந்துக்கு ஆகும்ல தம்பி, ஒண்ணு பிடிச்சுத் தாயேன்" என்றார். அரசு அனுமதிச் சீட்டு உள்ளதை மட்டும் வாங்குங்கண்ணே, திருட்டுப் பருப்பு வேண்டவே வேண்டாம் என்றேன். அந்தப் பருப்புக்காகத்தான் காட்டில் திருடுகிறார்கள். போகிற ஒவ்வொரு கொட்டையும் இங்கே எழுந்திருக்க வேண்டிய ஒரு கன்று.

"நம்ம நாட்டுல நட்டா வராதா?" என்று கேட்டார். கொல்கத்தா தாவரவியல் பூங்காவில் 1894இல் நட்ட மரத்தைப் பற்றிச் சொன்னேன். அது ஒற்றைப் பெண் மரம். தாய்லாந்திலிருந்து மகரந்தம் கொண்டுவந்து கையால் தூவித்தான் காய்க்க வைத்தார்கள்.