பொடி குளிரவே இல்லை: நியூட்ரான் பீம் டைமில் ஒரு நாளைத் தொலைத்த கதை

இரண்டாம் நாள் இரவு மூன்று மணி. திரையில் தெர்மாமீட்டர் 70 மில்லி கெல்வின் காட்டிக்கொண்டிருந்தது. முந்தைய நாள் 2 கெல்வினில் எடுத்த வரைபடத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. கிட்டத்தட்ட முப்பது மடங்கு குளிர்ந்த பிறகும் ஒரு பொருளில் எந்த மாற்றமும் இல்லையென்றால், ஒன்று அது பெரிய கண்டுபிடிப்பு, இல்லையென்றால் நான் எங்கோ சொதப்பியிருக்கிறேன். அந்த நேரத்தில் மனசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டுரைக்குத் தலைப்பே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

இடம் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஹார்வெல் பக்கம் இருக்கும் ஐசிஸ் நியூட்ரான் நிலையம். 1984இல் முதல் நியூட்ரானைப் பார்த்த இடம். இங்கே அணு உலை கிடையாது. புரோட்டான்களை ஒளியின் வேகத்தில் 84 விழுக்காடு வரை முடுக்கி டங்ஸ்டன் மேல் மோதவிடுகிறார்கள். அதில் சிதறும் நியூட்ரான்களைத் தணித்து, வேகம் குறைத்து, சுற்றிலும் உள்ள கருவிகளுக்கு அனுப்புகிறார்கள். எனக்குக் கிடைத்த கருவியின் பெயர் லெட். மெதுவான நியூட்ரான்களை வைத்து மிகச் சிறிய ஆற்றல் மாற்றங்களை அளக்கும் கருவி அது. ஐந்து நாள் பீம் டைம், அதாவது நியூட்ரான் கற்றையைப் பயன்படுத்தும் நேரம், கொடுத்திருந்தார்கள்.

அந்த ஐந்து நாளுக்குப் பின்னால் ஒன்றரை வருடம் இருக்கிறது. ஐசிஸில் ஆண்டுக்கு இரண்டு முறை விண்ணப்பம் வாங்குவார்கள். முதல் தடவை நான் எழுதியதில் முக்கால்வாசி குவாண்டம் ஸ்பின் திரவத்தின் (ஸ்பின் எனும் அணுக்களின் குட்டிக் காந்தங்கள் எவ்வளவு குளிர்ந்தாலும் வரிசைக்கு வராத நிலை) பெருமைதான். பொடி சுத்தமானதா, தன்வெப்பம் அளந்தாயிற்றா என்பதற்கு ஒரு வரி கூட இல்லை. திரும்பி வந்தது, நியாயமாகத்தான். இரண்டாவது தடவை பெருமையைக் குறைத்து எங்கள் அளவீடுகளைச் சேர்த்தேன், கிடைத்தது.

பொருள் சோடியம் இட்டர்பியம் ஆக்சைடு. இதில் இட்டர்பியம் அணுக்கள் முக்கோண முக்கோணமாக அடுக்கப்பட்டிருக்கும். பக்கத்து ஸ்பின்கள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்க விரும்பும். இரண்டு பேர் என்றால் சரி, மூன்றாவது ஆள் யாருக்கு எதிராக நிற்பான்? இந்த இழுபறியால் எவ்வளவு குளிர்வித்தாலும் ஸ்பின்கள் வரிசையில் உறையாமல் தத்தளித்துக்கொண்டே இருக்கின்றன. ஸ்பின்கள் வரிசைக்கு வந்துவிட்டால் நியூட்ரான் அதை உடனே காட்டிக்கொடுத்துவிடும். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை, ஆனால் காந்தத் திருப்புத்திறன் உண்டு. அதனால் அணுக்கரு எங்கே இருக்கிறது என்பதோடு ஸ்பின் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் அதற்குத் தெரியும். 1949இல் இயற்பியலாளர் ஷல் மாங்கனீஸ் ஆக்சைடைக் குளிர்வித்தபோது, வரிசையின் அடையாளமாக வரைபடத்தில் புதிதாகச் சில உச்சங்கள் முளைத்தது இப்படித்தான். அந்த வழியில் செய்த வேலைக்கு 1994இல் நோபலும் வந்தது. எங்களுக்கோ அந்த உச்சங்கள் வரக்கூடாது என்பதுதான் வேண்டுதல்.

தூய பொருளை மற்றவர்கள் ஏற்கெனவே அளந்துவிட்டார்கள். நான் இட்டர்பியத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டுக் காந்தமில்லாத லுட்டீசியத்தை வைத்தேன். காரணம் ஒரு பழைய வழக்கு. இதே மாதிரி முக்கோண அமைப்புள்ள இன்னொரு இட்டர்பியம் சேர்மத்தில் பரந்து விரிந்த சமிக்ஞையைப் பார்த்து ஸ்பின் திரவம் என்றார்கள். அப்புறம் அதில் மெக்னீசியமும் காலியமும் இடம் மாறி மாறி உட்கார்ந்திருப்பதால் வரும் குழப்பமும் அதே மாதிரிதான் தெரியும் என்று சிலர் காட்டினார்கள். அந்தக் குழப்பத்தை நாமே அளந்து போட்டால் என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் என் திட்டம்.

எக்ஸ்ரேக்கு ஒரு சிட்டிகை பொடி போதும். நியூட்ரான் எதோடும் அவ்வளவு எளிதில் ஒட்டாத பிறவி, கிராம் கணக்கில் கேட்கும். எட்டு கிராம் சேர்க்க மூன்று மாதம் ஆனது. உலையில் சோடியம் ஆவியாகிப் போய்விடும் என்பதால் சோடியம் கார்பனேட்டைக் கூடுதலாகப் போட வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் இட்டர்பியம் ஆக்சைடு மிஞ்சி எக்ஸ்ரேயில் பல்லைக் காட்டும். அப்படி இரண்டு ஈடு குப்பைக்குப் போனது. ஈரக் காற்றும் இந்தப் பொடிக்கு ஆகாது. அதனால் எங்கள் துறை ஒர்க்‌ஷாப்பில் லேத்தில் கடைந்து வாங்கிய செம்புக் கேனில், வெளிக்காற்று புகாத எங்கள் கிளவ் பாக்ஸுக்குள்ளேயே நிரப்பி, இண்டியம் கம்பி வைத்து மூடி, பன்னிரண்டு திருகாணியையும் மாற்றி மாற்றி முறுக்கினேன். லீக் டெஸ்ட் பார்த்தேன், பாஸ். பெருமையாகத்தான் இருந்தது. வெள்ளைப் பொடியைக் கைப்பையில் வைத்து விமான நிலையத்தில் விளக்கம் சொல்ல முடியாது என்பதால், பாதுகாப்புத் தாளோடு முன்கூட்டியே கூரியரில் போய்விட்டது.

முதல் நாள் கருவிப் பொறுப்பாளர் கேட்ட கேள்விகளில் ஒன்று: கேனுக்குள் வெப்பம் கடத்தும் எக்ஸ்சேஞ்ச் காஸ் இருக்கிறதா? இருக்கிறது என்றேன். பொய்யில்லை, காஸ் இருந்தது.

சரி, அந்த மூன்று மணிக்கு வருவோம். என்னோடு வந்திருந்த ஜூனியர் பெண்ணுக்கு இதுதான் முதல் பீம் டைம். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணா, கெயின் சைடுல எதுக்குக் கவுண்ட்ஸ் வருது?" என்றாள்.

வரைபடத்தின் நடுவில் பூஜ்யம். வலப்பக்கம் நியூட்ரான் பொருளுக்கு ஆற்றலைக் கொடுத்துவிட்டு வந்த கணக்கு, இடப்பக்கம் பொருளிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்த கணக்கு, அதுதான் கெயின் சைடு. உண்மையில் குளிர்ந்த பொருளிடம் கொடுக்க எதுவும் இருக்காது, ஆகவே இடப்பக்கம் காலியாக இருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் இரண்டு பக்கத்துக்கும் உள்ள விகிதம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது, கருவியோ பொருளோ அதில் குறுக்கிட முடியாது. ஒரு மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்பது 11.6 கெல்வின். 0.4 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டில் இடப்பக்கம் வலப்பக்கத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தது. நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டேன்: 0.4ஐ 11.6ஆல் பெருக்கினால் 4.64, அதை வெப்பநிலையால் வகுத்தால் பத்தின் இயல் மடக்கையான 2.3 வர வேண்டும். வெப்பநிலை 2 கெல்வின்.

தெர்மாமீட்டர் பொய் சொல்லவில்லை. அது கேனுக்கு வெளியே ஒட்டியிருக்கிறது, கேன் 70 மில்லி கெல்வினில்தான் இருந்தது. உள்ளே பொடி மட்டும் 2 கெல்வினில் நின்றுவிட்டது. எங்கள் கிளவ் பாக்ஸில் ஓடுவது ஆர்கான். ஆர்கான் 84 கெல்வினிலேயே உறைந்து கல்லாகிவிடும். அதன் பிறகு ஒரு பொடித்துகளிலிருந்து இன்னொன்றுக்கு வெப்பம் போக வழியே இல்லை. ஹீலியம்தான் அந்தக் குளிரிலும் உறையாமல் துகள்கள் மேல் படலமாகப் படரும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஜூனியருக்கு நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். கேனை மூடும் அவசரத்தில் ஈரம் புகக்கூடாது என்பது மட்டுமே மண்டையில் இருந்தது.

ஊரில் அப்போது காலை எட்டரை. சாருக்குப் போன் போட்டேன். "சார், பொடி குளிரவே இல்ல." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "என்ன காஸ் போட்ட?" என்றார். சொன்னேன். "வெளிய எடு," என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை.

வெளியே எடுப்பது எளிதில்லை. ஷட்டரை மூடி, சாவியைத் திருப்பி, கேனைக் குளிர்விக்கும் டைல்யூஷன் தண்டைச் சூடேற்றி உருவ வேண்டும். ஒன்றரை நாள் நியூட்ரானில் நனைந்த கேன் என்பதால் கதிரியக்க மானிட்டர் வைத்துப் பார்க்காமல் யாரும் தொட முடியாது. சோடியம்-24க்கு அரை ஆயுள் 15 மணி நேரம், செம்பு-64க்கு ஏறக்குறைய 13. அளவு இறங்கட்டும் என்று நான்கு மணி நேரம் காத்திருந்தோம். பிறகு ஹீலியம் நிரப்பிய பெட்டிக்குள் வைத்துத் திறந்து, பழைய இண்டியத்தைச் சுரண்டி, புதுக் கம்பி வைத்து, மறுபடியும் அதே பன்னிரண்டு திருகாணி. மூடியின் மேல் மார்க்கரில் நான் எழுதியிருந்த 'ஆர்கான்' அழியவில்லை. அடித்துவிட்டுப் பக்கத்தில் 'ஹீலியம்' என்று எழுதினேன்.

மொத்தம் இருபத்திரண்டு மணி நேரம் போனது. இங்கே மணிக்கணக்கு கூட இல்லை, மைக்ரோ ஆம்பியர்-மணிக் கணக்கு. இலக்கில் விழுந்த புரோட்டான் அளவுதான் காசு. ஷட்டர் மூடியிருந்தபோதும் திரையின் மூலையில் அந்த எண் ஏறிக்கொண்டே இருந்தது, பக்கத்துக் கருவிகளுக்கு.

நான்காம் நாள் விடியற்காலையில் மறுபடியும் 70 மில்லி கெல்வின். இருவரும் வலப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. அரை மணி நேரம் சேர்ந்த தரவில் இடப்பக்கம் தரையோடு தரையாகக் கிடந்தது. அதன் பிறகுதான் வலப்பக்கம்: கூர்மையான கோடு எதுவும் இல்லை, பரந்து கிடந்த ஒரு சமிக்ஞை, 2 கெல்வினில் பார்த்ததைவிடத் தெளிவாக. புது உச்சம் எதுவும் முளைக்கவில்லை. லுட்டீசியம் கலந்தும் இப்படி நிற்கிறது என்பதற்கு என்ன பொருள் என்று இன்னும் எங்களுக்குள் சண்டை நடக்கிறது. சார் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி.

எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. காலிக் கேனையும் வனேடியத்தையும் அளக்காமல் வர முடியாது. செம்பு எவ்வளவு சிதறடிக்கிறது என்று தெரியாமல் பொடியின் கணக்கைப் பிரிக்க முடியாது, வனேடியம் இல்லாமல் டிடெக்டர்களைச் சமன்படுத்த முடியாது. ஆகவே லுட்டீசியம் அதிகமுள்ள இரண்டாவது மாதிரியைப் பலி கொடுத்தோம். அது பிரிக்காமலேயே திரும்பி வந்தது. அளந்த பொடி கதிரியக்கம் தணியும்வரை அங்கேயே தங்கிவிட்டது.

இரண்டாவது மாதிரிக்கான விண்ணப்பம் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். மாதிரியைப் பற்றிய பகுதியில் கேனுக்குள் என்ன வாயு என்று யாரும் கேட்கப்போவதில்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன்.