இரணைமடுவில் ஆர் எத்தியோப்பியா?

உயர்தர வகுப்பில் நைல் நதி படிப்பித்துக்கொண்டிருந்தேன். 1959 ஒப்பந்தத்தைக் கரும்பலகையில் எழுதியிருந்தேன்: ஆண்டுக்கு எகிப்துக்கு 55.5 பில்லியன் கன மீற்றர், சூடானுக்கு 18.5. நைல் நீரில் ஏறத்தாழ 85 வீதம் எத்தியோப்பிய மலைகளிலிருந்து வருகிறது; அந்த நாட்டுக்கு அதில் பங்கே ஒதுக்கவில்லை. பிறகு அவர்கள் 74 பில்லியன் கன மீற்றர் கொள்ளும் அணையைக் கட்டினார்கள் என்று சொல்லி வாய் மூடவில்லை, பின் வாங்கிலிருந்து ஒரு பொடியன் கேட்டான்.

"சேர், அப்ப இரணைமடுவில ஆர் எத்தியோப்பியா, ஆர் எகிப்து?"

கிளிநொச்சிப் பிள்ளை. தகப்பன் அங்கே இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர்.

"அது ஒரு நாட்டுக்குள்ள நடக்கிற விசயம், தம்பி. நாங்கள் பாடத்துக்கு வருவம்" என்றேன். "ஓம் சேர்" என்று இருந்துவிட்டான்.

சொன்னது பிழையில்லை. 1997இன் ஐ.நா. நீர்வழிச் சாசனம் நாடுகள் பங்கிடும் ஆறுகளுக்குத்தான். பரீட்சைக்கு இரண்டு மாதமும் இல்லை. வகுப்பில் கிணறு உவராகிப்போன யாழ்ப்பாண வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பேச்சு வளர்ந்தால் சண்டையில் முடிந்திருக்கும். இதையெல்லாம் எனக்கே பலதரம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஆனால் கேள்வி விளங்காமல் நான் தட்டிக்கழிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கும் மழைநீரைத்தான் இறைக்கிறோம். கூட இறைத்தால் உவர் ஏறும். அதனால்தான் இரணைமடுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரத் திட்டம் போட்டார்கள். வயலுக்கே போதாது என்று கமக்காரர் மறித்தார்கள். கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறந்தது. அந்த இழுபறிக் காலத்தில் "குடிக்கிற தண்ணிக்கே மறுப்போ?" என்று ஆசிரியர் அறையில் சத்தம் போட்டவன் நான்.

பரம்பரையாகப் பாவித்த தண்ணீர் என்று எகிப்து சொல்கிறது. கமக்காரர் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். எகிப்தின் பயத்தைப் பிள்ளைகளுக்கு நான் இரக்கத்தோடு விளங்கப்படுத்துகிறேன். கிளிநொச்சியின் பயத்தைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சரி, ஆனால் குளம் அவர்கள் பக்கத்தில் இருக்கிறது, குழாயின் கடைசி முனையில் நாங்கள். அப்படிப் பார்த்தால் நாங்கள்தானே எகிப்து? யோசிக்க யோசிக்க ஆட்கள் மாறிப்போகிறார்கள். "எனக்கும் தெரியேல்லை" என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். நேரமில்லாததால் சொல்லவில்லையா, யாழ்ப்பாணத்தான் என்பதாலா?

போன கிழமை மாதிரிப் பரீட்சை. நைல் கேள்விக்கு நான் சொன்னதை அவன் வரி பிசகாமல் எழுதியிருந்தான். 20க்கு 18 போட்டேன். போட்ட பிறகு, இரணைமடு எங்காவது வருகிறதா என்று விடைத்தாளை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தேன்.