கடுவனுக்கு உள்ளதுதான்

"மொதல்ல மஞ்சளாத்தான் வடிஞ்சுது. பெறகு செவப்பா வந்துது. அதுவும் கடுவனுக்கு உள்ளதுதான்னு இருந்துட்டேன் சார்."

சிப்பிப்பாறை இன ஆண் நாயின் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்தபடி அந்த அண்ணாச்சி இதைச் சொன்னபோது, அவர் முகத்தில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. ஏதாவது ஒன்று இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கேலி என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். கோபம் என்றால் விளக்கம் சொல்லலாம். நடந்ததை நடந்தபடி சொல்பவரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், நாயை மேசைமேல் ஏற்றச் சொன்னேன்.

சில மாதங்களுக்கு முன் அவர் முதன்முறையாக வந்தது உண்ணிக்காக. நாயின் வயிற்றில் இரண்டு வரிசையாக உண்ணி ஒட்டியிருப்பதாகவும், வேப்பெண்ணெய் தடவியும் விழவில்லை என்றும், ஒன்றை நகத்தால் கிள்ளி எடுக்கப் பார்த்தபோது நாய் கடிக்க வந்துவிட்டது என்றும் சொன்னார். புரட்டிப் பார்த்தால் அத்தனையும் முலைக்காம்புகள். கிள்ளப்பட்ட ஒன்று மட்டும் தோலுரிந்து பொருக்குத் தட்டியிருந்தது. அதன்மேல் மஞ்சள் அப்பியிருந்தது. நோயில்லாத உறுப்பில் வைத்தியத்தால் வந்த புண் அது. இப்படிப்பட்ட புண்ணை நான் முன்பும் பார்த்திருக்கிறேன்.

"கடுவனுக்கு ஏது சார் காம்பு?" என்று அவர் கேட்டதில் குறை காண ஒன்றுமில்லை. நன்றாகப் படித்தவர்களும் இதையே கேட்கிறார்கள். கரு ஆணா பெண்ணா என்ற உடல் வேறுபாடு தோன்றுவதற்கு முன்பே, அதன் அடிவயிற்றில் பால்சுரப்பிக்கான கோடுகள் அமைந்துவிடுகின்றன. அதனால் கடுவனுக்கும் பெட்டையைப் போலவே பெரும்பாலும் பத்துக் காம்புகள், சிலவற்றுக்கு எட்டு, இருக்கும். ஆனால் ஆடு வளர்ப்பவரிடம் கருவியல் பேச வேண்டியதில்லை. "கிடாவுக்கு விதைக்கு முன்னால காம்பு இருக்குமே, அண்ணாச்சி, நீங்க பாக்காததா?" என்றேன். "ஆமா, இருக்கும்" என்று உடனே ஒப்புக்கொண்டார். வரிசையில் வெள்ளாட்டோடு நின்றிருந்த ஓர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அதோடு முடிந்திருக்கலாம். புண்ணைத் துடைத்து மருந்து போடும்போது, கையின் தொடுகையில் நாய்க்குக் கிளர்ச்சி ஏற்பட்டு, குறியின் அடிப்பகுதியில், உறைத்தோலுக்குள் இருபுறமும் உருண்டையாகப் புடைத்தது. "விதை மேல ஏறிட்டா சார்?" என்று அவர் பதறினார். அது விதையல்ல, எல்லாக் கடுவனுக்கும் குறியின் அடியில் இரத்தம் நிரம்பிப் பெருக்கும் ஒரு பகுதி உண்டு, புணர்ச்சியின்போது இரண்டு நாய்களும் பிரிய முடியாமல் பிணைந்து நிற்பதற்கு அதுதான் காரணம். கிளர்ச்சி அடங்கினால் சில நிமிடங்களில் அதுவும் வடிந்துவிடும். அதையும் சொன்னேன். கடைசியாக, உறைத்தோலின் நுனியில் சொட்டாக நிற்கும் மஞ்சள் கசிவைக் காட்டினார். அது கொஞ்சமாக இருக்கும்வரை, நாய்க்கும் அதனால் தொந்தரவு இல்லாதவரை, அதுவும் இயல்புதான். மூன்று கேள்விக்கும் அன்று என் வாயில் வந்தது ஒரே பதில்: "உள்ளதுதான், அண்ணாச்சி."

மூன்றும் சரியான பதில்கள் என்று இன்றும் சொல்வேன். மூன்றையும் அடுத்தடுத்துச் சொன்னதில்தான் எனக்குக் குழப்பம். முதல் பதில் காம்பைப் பற்றியது, இரண்டாவது வீக்கத்தைப் பற்றியது, மூன்றாவது கசிவைப் பற்றியது என்று நான் பிரித்து வைத்திருந்தேன். கேட்டவர் காதில் அது "இந்த இடத்தில் எதைப் பார்த்தாலும் பயப்பட வேண்டாம்" என்று ஒரே பதிலாக விழுந்திருக்கக்கூடும். இரத்தம் வந்தால் உடனே கொண்டுவாருங்கள் என்று சொன்னேனா? சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன், வழக்கமாகச் சொல்வதுதான். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். "நாய், ஆண், காம்பில் காயம்" என்று என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது. மருந்தின் பெயரும் இருக்கிறது. பேசியதை எழுத அந்தப் பதிவேட்டில் பத்தி கிடையாது. காலை நேரத்தில் அரசுக் கால்நடை மருந்தகத்தின் வாசலில் சினை ஊசிக்கு வந்த மாடுகளும் கழிச்சல் கண்ட குட்டிகளும் நிற்கும்போது, ஒரு நாயின் இயல்பான உறுப்புக்கு எத்தனை நிமிடம் ஒதுக்க முடியும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இம்முறை உறைத்தோலை முழுவதும் பின்னால் தள்ளிப் பார்த்தேன். குறியின் அடியில், அன்று புடைத்து நின்ற அதே இடத்தில், பூக்கோசு போல் ஒரு கட்டி இருந்தது. பஞ்சு பட்டதும் இரத்தம் கசிந்தது. தெருவில் திரியும் நாய்களிடையே புணர்ச்சியால் பரவும் புற்று அது. இந்தப் புற்றுக்குக் கிருமி காரணமல்ல. ஒரு நாயின் புற்றுச் செல்லே உயிரோடு இன்னொரு நாயின் உடலில் ஒட்டி வளர்கிறது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏதோ ஒரு நாயின் செல்தான் இன்றுவரை இப்படி உடல்விட்டு உடல் தாவிக்கொண்டிருக்கிறது. மருத்துவர்களை வியக்கவைக்கும் இந்தச் செய்தி அண்ணாச்சியை அவ்வளவாக ஈர்க்கவில்லை. தீருமா என்று மட்டும் கேட்டார்.

தீரும் என்பதுதான் இதில் நல்ல செய்தி. வின்கிரிஸ்டின் ஊசியை வாரம் ஒருமுறை முன்னங்கால் இரத்தக்குழாயில் போட்டுவந்தால், பெரும்பாலான நாய்களில் நான்கிலிருந்து ஆறு ஊசிக்குள் கட்டி கரைந்துவிடும். மருந்து குழாயைவிட்டு வெளியே கசிந்தால் சதை அழுகும் என்பதால், நாயை அசையாமல் பிடிக்க வேண்டும். அந்த மருந்து நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது என்று சொன்னபோது, "நம்ம சுடுகாட்டுல கெடக்குமே, அதா?" என்றார். அதுதான். அந்தச் செடியை அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள் என்று மறக்காமல் சேர்த்துச் சொன்னேன்.

முதல் வருகையின்போதே அந்தக் கட்டி இருந்ததா என்ற கேள்வி என்னை விடவில்லை. புணர்ச்சிக்குப் பிறகு இது கண்ணுக்குத் தெரியுமளவு வளரச் சில மாதங்கள் ஆகும். ஆகவே இல்லாமலிருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அடிப்பகுதி புடைத்திருக்கும்போது உறைத்தோலை முழுதாகத் தள்ள முடியாது. அன்று யாராலும் அந்த இடத்தைப் பார்த்திருக்க முடியாது என்பதும் உண்மை. இதை எங்கள் கால்நடை ஆய்வாளரிடம் சொன்னபோது அவர் வேறொன்றைச் சொன்னார்: "சார், அவரு ஆட்டுல ஒரு சின்ன மாத்தம் தெரிஞ்சாலே கண்டுபிடிக்கிறவரு. ரத்தத்தப் பாத்துட்டு உள்ளதுதான்னு நெனப்பாரா? அன்னைக்கு அந்தம்மா சிரிச்சதுல வெக்கப்பட்டு வராம இருந்திருப்பாரு." இருக்கலாம். அப்படியானால் கிடாவின் காம்பைச் சபையில் எடுத்துக்காட்டாமல், நாயை ஓரமாகக் கொண்டுபோய்ச் சொல்லியிருக்க வேண்டுமா? ஆனால் அந்த எடுத்துக்காட்டு ஒரு நொடியில் வேலை செய்தது. அதற்குப் பிறகும் ஆடு வைத்திருக்கும் எல்லோரிடமும் அதையே சொல்லி வருகிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

பேச்சை மட்டும் மாற்றிப் பார்த்தேன். கசிவைப் பற்றிக் கேட்பவர்களிடம், மஞ்சள் கொஞ்சமாக இருந்தால் விடுங்கள், சிவந்தாலோ நாற்றமெடுத்தாலோ நாய் ஓயாமல் நக்கினாலோ வாருங்கள், வெளியே வந்த குறி உள்ளே போகாமல் ஒரு மணி நேரத்துக்குமேல் நின்றால் உடனே வாருங்கள் என்று அடுக்குகிறேன். இதற்கும் விலை இருக்கிறது. ஊரிலேயே நல்ல உடல்நலத்தோடு இருக்கும் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓர் இளைஞர் ஓயாமல் வருகிறார். நான் சொன்ன எச்சரிக்கைகளில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு முறையும் அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அவருக்குப் பழைய ஒற்றைப் பதிலே போதுமானதாக இருந்திருக்கும்.

கட்டி முழுதும் கரைந்தபின் கடைசி ஊசிக்கு வந்த அன்று, அண்ணாச்சி நாயின் விலாவைத் தடவி, "இது என்ன சார், முட்டிக்கிட்டு நிக்கி?" என்றார். பதின்மூன்றாவது விலா எலும்பின் நுனி அது. மற்ற விலாக்களைப் போல் முன்னால் இணையாமல் தனித்து நிற்கும். சிப்பிப்பாறையின் ஒட்டிய உடலில் நன்றாகவே கைக்குத் தட்டுப்படும். இம்முறை "உள்ளதுதான்" என்று சொல்லாமல், அவர் இரண்டு கைகளையும் எடுத்து நாயின் இரண்டு பக்கமும் வைத்து, ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒருபக்கம் இருப்பது மறுபக்கமும் அதே இடத்தில் அதே அளவில் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை என்றேன். காம்புக்கும் அது பொருந்தும் என்று அவரே சொன்னார். எனக்குத் திருப்தியாக இருந்தது. பிறகு சற்று யோசித்துவிட்டு, "ஆனா சார், கட்டி வந்த எடம் ஒண்ணுதானே இருக்கு. அத எதோட வச்சுப் பாக்க?" என்று கேட்டார்.

இன்னொரு கடுவனோடு ஒப்பிடலாம் என்றேன். அவர் வீட்டில் வேறு கடுவன் கிடையாது.